இரவல் வாங்கிய குறை

நூலகத்தின் மாடி அறையில் அன்று இருந்தவர்கள்: மூத்தவர், அவருடைய மனைவி, அவருடைய தங்கை, தங்கையின் கணவர், அவர்கள் மகன், கதை வகுப்பு நடத்திய டீச்சர், வகுப்பில் படித்த பஸ் டிரைவர், தையல்காரம்மா, ஆய்வகத்தில் ரத்தம் எடுக்கும் பெண், பிறகு நூலகர். நூலகரும் பாதியில் எழுந்து கீழே போய்விட்டார். யாரோ புத்தகம் திருப்பித் தர வந்திருந்தார்கள். வேறு யாரும் இல்லை. அறை நிரம்பி வழிந்தது, மாடிப்படியில் நின்றுகொண்டு கேட்டார்கள் என்று தங்கையின் கணவர் பின்னால் சொல்லித் திரிந்தது அவருடைய கைச்சரக்கு.

மூத்தவர் என்றால் அந்தக் குடும்பத்தில் ஒருவர்தான். அப்பா போன பிறகு யார் வீட்டில் பெண் எடுப்பது, யாரோடு பேச்சு வைத்துக்கொள்வது, எந்தச் சண்டைக்கு யார் முதலில் இறங்கி வருவது, எல்லாம் அவரைக் கேட்டுத்தான் நடந்தது. வேலையில் இருந்த காலத்தில் காப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்காக, தீப்பிடித்த கட்டிடங்களைப் பார்த்து நஷ்டத்தை மதிப்பிடுபவராக இருந்தார். கரிந்த சுவர்களுக்கு நடுவே நின்றுகொண்டு அவர் முதலில் கேட்பது, தண்ணீர்க் குழாய் எங்கே இருந்தது என்பதுதான். பொய் சொல்ல வந்தவர்கள் எரிந்துபோன சரக்கைக் கடகடவென்று ஒப்பிப்பார்கள். குழாயைக் கேட்டதும் கை ஒரு பக்கம் காட்டும், கண் வேறு பக்கம் போகும். அந்த ஒரு கேள்வியில் அகப்பட்டவர்கள் பலர்.

அப்படிப்பட்டவர் வயதான காலத்தில் கதை எழுத வந்ததற்குக் காரணம் அப்பாதான். ஒரு விருந்து நாளில் தங்கை மகன் சுவரில் மாட்டியிருந்த தாத்தாவின் படத்தைப் பார்த்து, இவர் என்ன வேலை பார்த்தார் என்று கேட்டான். “கேட்டை மூடுற வேலை” என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் சிரித்தார்கள். மூத்தவர் சிரிக்கவில்லை.

அப்பா ஒரு நூற்பாலையில் நேரக் கண்காணிப்பாளர். சங்கு ஊதி ஓய்ந்ததும் ஆலைக் கதவைச் சாத்துவார். சாத்திய பிறகு வெளியே நிற்பது சொந்த மைத்துனனே ஆனாலும் திறக்க மாட்டார். ஒரு முறை மைத்துனனே நின்றார், திறக்கவில்லை. ஆலையில் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘பூட்டு’. அந்தப் பெயர் வீட்டுக்குள் சொல்லப்படுவதில்லை. அவர் யார் என்று பேரப்பிள்ளைகளுக்கு ஒழுங்காகச் சொல்ல வேண்டும், அதுவும் படித்தால் மறக்காதபடி சொல்ல வேண்டும் என்று முடிவு செய்துதான் மூத்தவர் வகுப்பில் பெயர் கொடுத்தார்.

டீச்சர் ஒரு பத்திரிகையில் புரூஃப் பார்ப்பவர். மூத்தவருக்கு ஒரு பெண் இருந்திருந்தால் அவள் வயது இருக்கும். வகுப்பு சிறுகதையில் வரும் மனிதர்களைப் பற்றியது: படிப்பவர் நம்பும்படி ஓர் ஆளை எப்படி எழுதுவது. மூத்தவர் எழுதிக் கொண்டுபோன முதல் கதைக்கு ‘கடமையே உருவானவர்’ என்று பெயர். கணீரென்ற குரலில் வாசித்து முடித்து, தாளை நான்காக மடித்தார். 

பஸ் டிரைவர்தான் முதலில் தொண்டையைச் செருமினார். “ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. இவரு என் பஸ்ல ஏறினா சீட்டே வேண்டாம். கம்பியோட கம்பியா சாத்தி வெச்சுட்டுப் போயிடலாம்.”

தையல்காரம்மா தன் பங்குக்குச் சட்டையின் கழுத்துப் பொத்தான் வரை கண்ணுக்குத் தெரிகிறது, உள்ளே ஆளைத்தான் காணோம் என்றார். டீச்சர் மட்டும் சிரிக்காமல் ஒரு கேள்வி கேட்டார்.

“யாரும் பார்க்காதப்போ இவர் என்ன செய்வாரு சார்?”

“யாரும் பார்க்காதப்பவும் இதையேதான் செய்வார்” என்றார் மூத்தவர்.

அன்றிலிருந்து வகுப்பில் யார் கதையில் யார் விறைப்பாக நின்றாலும், ‘இவர் யாரும் பார்க்காதபோதும் இதையேதான் செய்வார்’ என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. மூத்தவர் அதைக் காதில் வாங்காதவர் போல இருந்தார்.

அடுத்த கதையும் தேறவில்லை. அதே சமயம் தையல்காரம்மா எழுதிய குடிகாரக் கணவன், போதையில் தள்ளாடி வந்து மனைவியின் தையல் இயந்திரத்துக்கு எண்ணெய் போட்டுவிட்டுத் தூங்கியபோது, ரத்தம் எடுக்கும் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூத்தவர் அதை வைத்துக் கணக்குப் போட்டார். குடிகாரனுக்கு உயிர் வருகிறது, நேர்மையாளருக்கு வரவில்லை. ஆகவே இவர்கள் கேட்பது குறை. டீச்சர் குறை என்ற சொல்லை ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் மூத்தவரின் காது நஷ்டம் கேட்டே பழகிய காது.

அப்பாவிடம் குறை தேடினார். கிடைக்கவில்லை. இது பிள்ளைப் பாசத்தில் சொல்வதல்ல. கோபம் உண்டு, கண்டிப்பு உண்டு, அவற்றை ஏற்கெனவே எழுதியாகிவிட்டது, வகுப்பு அசையவில்லை. தன்னிடமிருந்து ஒரு குறையை எடுத்துக் கொடுக்கும் யோசனை அவருக்கு வரவே இல்லை. வேறு இடத்தில் இரவல் வாங்குவதென்று தீர்மானித்தார். அப்படி யோசித்தால் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் முதலில் நினைவுக்கு வருபவர் தங்கையின் கணவர்தான்.

மாப்பிள்ளை மின்சார அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். யாருக்கும் ‘முடியாது’ என்று சொல்ல வாய் வராது. சொல்ல முடியாததால் ஒளிந்துகொள்வார். வாசலில் மணி அடித்து, வெளியே கேட்கும் குரல் ஏதாவது உதவி கேட்டு வந்த குரல் என்று தெரிந்தால், சத்தமில்லாமல் குளியலறைக்குள் போய்க் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு நிற்பார். மூச்சு விடுவதுகூட வெளியே கேட்காது. தங்கை போய் வாசலில், “அவர் இல்லீங்களே” என்பாள். வந்தவர் போன பிறகு திரும்பி வந்து, திருமணமான நாளிலிருந்து சொல்லி வரும் ஒரே வாக்கியத்தைச் சொல்வாள். “எங்கப்பாவா இருந்தா வாசல்ல நின்னு பதில் சொல்லியிருப்பாரு.”

மூத்தவர் அந்தக் குளியலறையை அப்படியே தூக்கி வந்து அப்பாவின் வீட்டில் வைத்தார். தாமதமாக வந்து வேலை இழந்த தொழிலாளி ஒருவன் மாலையில் வீடு தேடி வருகிறான். கண்டிப்புக்குப் பெயர் போன கண்காணிப்பாளர் அவன் குரலைக் கேட்டதும் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துகொள்கிறார். குழந்தை வாசலுக்குப் போய், ‘அப்பா இல்லை’ என்கிறது. அந்தக் குழந்தை பையன் என்று எழுதினால் அது தானாகிவிடும். மூத்தவர் பொய் சொல்லி வளர்ந்தவரல்ல. ஆகவே பெண் குழந்தை என்று எழுதினார். அவன் போனதும் அப்பா வெளியே வருகிறார். குழந்தை துண்டை நீட்டுகிறது. அவர் அதை வாங்கி ஈரமே இல்லாத கையைத் துடைத்துக்கொள்கிறார்.

இந்தக் கதையைத்தான் அன்று மாடி அறையில், குடும்பத்தார் முன்னிலையில் வாசித்தார்.

ஈரமில்லாத கை வந்த இடத்தில் பஸ் டிரைவர் ‘அட’ என்றார். வாசித்து முடிந்ததும் முதலில் கை தட்டியதும் அவர்தான். தையல்காரம்மா, இப்போது ஆள் வந்துவிட்டார் என்றார். மூத்தவர் நிமிர்ந்து தங்கையைப் பார்த்தார். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

“அண்ணா, அது நான்தானே” என்றாள். “அந்தத் துண்டு எடுத்துட்டுப் போனது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.”

மூத்தவர் வாயைத் திறந்தார். அதற்குள் டிரைவர் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார், ரத்தம் எடுக்கும் பெண் எந்தப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறீர்கள் என்று கேட்டாள். வகுப்பில் சேர்ந்ததிலிருந்து அவருக்கு இப்படி ஒன்று நடந்ததில்லை. வாயை மூடிக்கொண்டார். கடைசி வரிசையில் கதவோரமாக உட்கார்ந்திருந்த மாப்பிள்ளைக்குக் காது மடல் இரண்டும் சிவந்திருந்தன. எல்லோரும் இறங்கிய பிறகு அவர் வந்து மூத்தவரின் கையை இரண்டு கையாலும் பற்றினார். 

டீச்சர் மட்டும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நன்றாக வந்திருக்கிறது என்றார். பிறகு, தான் முதலில் கேட்ட கேள்வி இன்னும் அப்படியே இருப்பதாகச் சொன்னார். பாராட்டு கேட்டுக்கொண்டிருந்த மூத்தவருக்கு அது புரியவில்லை.

அதற்குப் பிறகு குடும்பத்தில் நடந்ததை மூத்தவர் எதிர்பார்க்கவில்லை. தங்கை மகன் கதையை உறவுக்காரப் பிள்ளைகளுக்குச் சொன்னான், அவர்கள் வேறு இடத்தில் சொன்னார்கள். இத்தனை வருடம் சுவரில் முறைத்துக்கொண்டிருந்த தாத்தா ஒரே மாதத்தில் எல்லோருக்கும் செல்லமாகிவிட்டார். படத்தைத் துடைத்தார்கள். கேட்டை மூடியவர் என்று சொன்ன வாய்களே, பாவம், உள்ளே எவ்வளவு பயந்திருப்பார் என்று உருகின. மூத்தவருக்குப் பெருமையாக இருந்ததா, பல்லில் கல் அகப்பட்டது போல் இருந்ததா என்று கேட்டால், இரண்டும்தான்.

ஒரு நாள் மாப்பிள்ளை தனியாக வந்தார். மூத்தவர் வீட்டுக்கு அவர் தனியாக வருவது அபூர்வம். உட்காரச் சொன்ன பிறகும் நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தார்.

“மச்சான், அது யாரோட பழக்கம்னு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.”

“தெரியும்.”

“திருப்பிக் கேக்க வரல. மாமாகிட்டயே இருக்கட்டும்னு சொல்லத்தான் வந்தேன்.”

பிறகு நடந்ததைச் சொன்னார். முந்தின நாள் வாசல் மணி அடித்திருக்கிறது. இவர் வழக்கம்போல எழுந்திருக்கிறார். அதற்கு முன் தங்கையே போய்க் குளியலறைக் குழாயைத் திறந்து வைத்துவிட்டு, இவரைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, வாசலுக்குப் போயிருக்கிறாள். வந்தவர் போன பிறகு அந்த வாக்கியத்தைச் சொல்லவில்லை. துண்டு எடுத்துக் கொடுத்திருக்கிறாள். 

“எங்கப்பாவா இருந்தாங்கிற பேச்சு வீட்டுல நின்னு போச்சு மச்சான். செத்துப்போனவருக்கு இதனால என்ன கெட்டுப்போச்சு?”

யோசித்துச் சொல்வதாக மூத்தவர் சொன்னார். எதையும் உடனே வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிப் பழகியவர் அப்படிச் சொன்னதைக் கேட்டு, உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த அவருடைய மனைவி, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றாள். எந்தப் பக்கத்தைச் சொன்னாள் என்று அவர் கேட்கவில்லை.

யோசனை முடிவதற்குள் உறவில் ஒரு திருமணம் வந்தது. சாப்பாட்டு மேசையில் மூத்தவர், மனைவி, தங்கை, மாப்பிள்ளை நால்வரும் ஒரு பக்கம், எதிரே இளவட்டங்கள். தங்கை மகன் வாயாலேயே குழாய்ச் சத்தம் எழுப்பி, ஒரு கைத்துணியை மடித்து ஈரமில்லாத கையைத் துடைத்துக் காட்ட, மேசையே குலுங்கியது. அப்போது பக்கத்து மேசையிலிருந்து ஒருவர் எழுந்து வந்து மூத்தவரின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். லேத் பட்டறை வைத்திருப்பவர். பெண் வீட்டுக்குத் தெரிந்தவர். அவரும் நரைத்துப்போன ஆள்தான்.

“ஐயா, ஒண்ணு கேக்கணும். எங்கப்பா அந்த ஆலையில ஃபிட்டரா இருந்தாரு. லேட்டா வந்து ஒரு நாள் வெளிய நின்னுட்டு, சாயங்காலம் உங்க வீட்டுக்கு வந்து கேட்டாராம். உங்கப்பா வாசலுக்கு வந்து, நேரா முகத்தைப் பார்த்து, முடியாதுன்னு சொன்னாராம். எங்கப்பா சாகற வரைக்கும் சொல்லுவாரு, ‘அவன் பூட்டுதான், ஆனா ஒளியற ஆளு இல்ல’ன்னு.” இளவட்டங்கள் பக்கம் கையைக் காட்டினார். “இப்ப இந்தப் பசங்க வேற மாதிரி சொல்றாங்க. அப்ப எங்கப்பா சும்மா வீம்புக்குச் சொன்னாரா?”

‘பூட்டு’ என்ற பெயர் அந்தக் குடும்பத்தின் சாப்பாட்டு மேசையில் சொல்லப்பட்டது அதுவே முதல் முறை.  மாப்பிள்ளை தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தங்கை அண்ணனைப் பார்த்தாள்.

மூத்தவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார். இன்னொரு வீட்டு அப்பாவின் சொல் தன் கதையால் பொய்யாக நிற்பதை உட்கார்ந்துகொண்டு கேட்க அவருக்கு உடம்பு வளையவில்லை.

“உங்கப்பா சொன்னதுதான் நடந்தது” என்றார். “நான் அப்ப அவருக்குப் பின்னால நின்னேன். எங்கப்பா யாரைக் கண்டும் ஒளிஞ்சதில்லை. குழாய் நான் எழுதினது.”

“அண்ணா” என்றாள் தங்கை, “எனக்குத்தான் ஞாபகம் இருக்கே. நான்தான போய் அப்பா இல்லைன்னு சொன்னேன்?”

மூத்தவர் அவள் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை. எரிந்த கட்டிடங்களில் கேட்ட அதே குரலில் கேட்டார்.

“தண்ணிக் குழாய் எங்கம்மா இருந்துச்சு?”

தங்கையின் கை எழுந்து இடப்பக்கம் போனது. பாதியில் நின்றது. அவள் கண் வேறு எங்கோ போயிற்று. அந்தப் பழைய வீட்டுக்குள் போய், நடையைத் தாண்டி, குளியலறையின் தாழ்ந்த கதவைத் திறந்து, உள்ளே சுற்றிப் பார்த்துவிட்டு வந்தது. அங்கே ஒரு வாளியும் ஒரு குவளையும்தான் இருந்திருக்க வேண்டும்.

“பம்புதான்” என்றாள் கடைசியில், மெதுவாக. “முற்றத்துல அடிபம்பு. நான்தான் அடிச்சு ஊத்துவேன்.”

தங்கை மகன் கைத்துணியைக் கீழே வைத்தான். மூத்தவர் யாருடைய பழக்கத்தை எடுத்து எழுதினார் என்று தங்கை கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை. பக்கத்தில் இருந்த கணவரின் தண்ணீர் டம்ளரை எடுத்து அவருக்கு எட்டும்படி நகர்த்தி வைத்தாள்.

தலையை ஆட்டிவிட்டுத் திரும்பப் போன பட்டறைக்காரர், மூத்தவர் மறுபடி பேசியதால் நின்றார்.

“உங்கப்பாவுக்குத் தெரிஞ்சிருக்காது, ஏன்னா அவர் திரும்பிப் பார்க்கல. முடியாதுன்னு சொல்லிட்டு எங்கப்பா உள்ள வரல. உங்கப்பா தெரு முனை திரும்பற வரைக்கும் வாசல்லயே நின்னாரு. அம்மா சாப்பிடக் கூப்பிட்டாங்க. அப்பவும் வரல.”

அதை மூத்தவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லத் தகுந்த விஷயம் என்று நினைத்ததும் இல்லை. அவருடைய முதல் இரண்டு கதைகளிலும் அது கிடையாது.  “அதையும் எழுதுங்க” என்று சொல்லிவிட்டுப் பட்டறைக்காரர் தன் மேசைக்குப் போனார். மூத்தவர் உட்கார்ந்தார். டீச்சர் ஆரம்பத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது குறையை அல்ல என்பது, தட்டில் சாப்பாடு ஆறிப்போன பிறகுதான் அவருக்கு உறைத்தது.

எழுதினார். இந்த முறை வாசலும், தெரு முனையும், கதவு நிலையில் ஒரு கை வைத்து நிற்கும் மனிதரின் முதுகும் மட்டும். உள்ளே வந்து அப்பா சாப்பிட்டாரா என்பது மூத்தவருக்கு நினைவில்லை, நினைவில்லாததை எழுதவில்லை. வகுப்பில் வாசித்தபோது யாரும் கை தட்டவில்லை. டீச்சர் தன் கேள்வியை மறுபடி கேட்கவில்லை. பஸ் டிரைவருக்கு மட்டும் மனக்குறை.

“குழாய்க் கதையில ஒரு கிக் இருந்துச்சு ஐயா. இவரு என்ன, சும்மா நிக்கிறாரு.”

“நின்னாரு” என்றார் மூத்தவர்.

தங்கை வீட்டில் பழைய வாக்கியம் திரும்பி வந்துவிடும் என்று மாப்பிள்ளை நடுங்கிக்கொண்டிருந்தார். மூத்தவர் அங்கே போயிருந்த ஒரு மாலை வாசல் மணி அடித்தது. தெருவில் எல்லாரிடமும் ஏதாவது ஒரு காரியத்துக்கு ஆள் பிடிக்கும் குரல். மாப்பிள்ளை மச்சானைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், பிறகு எழுந்து குளியலறைக்குள் போனார். குழாய் திறந்தது. தங்கை சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள்.

“இருக்காருங்க” என்றாள். “ஆனா வெளிய வரமாட்டாரு.”

வந்தவர் குழாய்ச் சத்தம் வந்த பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். மூத்தவர் பத்திரிகையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். அவர் சிரித்ததாகத் தங்கை சொல்கிறாள்.

இனி, சொல்லப்படுவனவற்றில் இரண்டு. குழாய்க் கதை பொய்யென்று தெரிந்த அவமானத்தில் மூத்தவர் வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டார் என்கிறார்கள். நிறுத்தவில்லை, முன்வரிசையில்தான் உட்காருகிறார். சின்னப் பிள்ளைகள் இன்னமும் தாத்தா குழாயைத் திறந்துவிட்டு ஒளிந்துகொள்வார் என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். அந்த வீட்டில் குழாய் இருந்ததில்லை. முற்றத்தில் அடிபம்பு இருந்தது. அதை அடித்தால் தெரு முனை வரை கேட்கும்.